விவாகரத்தில் "குழந்தைக்கும் எதுவும் கேட்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி வழியே இல்லையா?

நொய்யல்காரி | பிப்ரவரி 9, இரவு 10:52

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திருப்பூர். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்து இப்போது லைன் சூப்பர்வைசர். மாதம் 17,500 கைக்கு வரும். நான்கு வருடத்துக்கு முன்னால் பரஸ்பர விவாகரத்து ஆனது. பாப்பாவுக்கு அப்போது 5 வயது, இப்போது 9.

அதற்கு முன்னால் இரண்டு வருடம் பேச்சு வார்த்தை, மறுபடி சேர்த்து வைப்பது, மறுபடி அம்மா வீடு என்று ஓடியது. கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து, நகையில் 11 பவுனைத் திருப்பித் தருகிறோம், கல்யாணச் செலவைப் பேச வேண்டாம், நீயும் எதையும் கேட்காதே என்று முடித்துவிட்டார்கள். மனுவில் இப்படி ஒரு வரி: "இரு தரப்பினரும் தமக்கோ மைனர் குழந்தைக்கோ எதிர்காலத்தில் எவ்வித ஜீவனாம்சமும் கோருவதில்லை." படிக்காமல் போட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். அந்த வராண்டாவை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது அன்றைக்கு.

வாய்ப்பேச்சாக மாதம் 3,000 தருவதாகச் சொன்னார், 14 மாதம் தந்தார். அப்புறம் அவருக்கு வேறு கல்யாணம் ஆனது, அத்தோடு நின்றுவிட்டது. இப்போது சொந்தமாகப் பவர் டேபிள், அதாவது தையல் யூனிட் போட்டிருக்கிறார், 12 மெஷின். பாப்பாவுக்கு இந்த வருடம் ஸ்கூல் ஃபீஸும் வேனும் சேர்த்து 46,000. போனில் கேட்டதற்கு, "கையெழுத்துப் போட்டாய் அல்லவா, கோர்ட்டிலேயே போய்க் கேள்" என்றார். அன்றைக்கு வழக்குப் பார்த்த வக்கீலிடம் கேட்டால் "அது முடிந்துபோன கேஸும்மா" என்கிறார்.

எனக்கென்று ஒரு ரூபாய் வேண்டாம். பாப்பாவுக்குக் கேட்க முடியுமா, முடியாதா?

கோவை_சரவணன் | பிப்ரவரி 9, இரவு 11:20

வருத்தமாகத்தான் இருக்கிறது சகோதரி. ஆனால் நீதிபதி முன்னால் சம்மதம் சொல்லி டிக்ரி வாங்கிய பிறகு மாற்ற முடியாது. என் மச்சானுக்கும் இதே கதைதான். மேல் கோர்ட்டில் அப்பீல் போக வேண்டும், அதற்கும் காலக்கெடு தாண்டியிருக்கும்.

பழைய_பெஞ்ச்_கிளார்க் | பிப்ரவரி 10, காலை 6:05

சரவணன் தம்பி, தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடலாமே. இதைப் படித்துவிட்டு அந்த அம்மிணி ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்திருப்பார்.

அம்மிணி, அப்பீல் ஒன்றும் தேவையில்லை. விவாகரத்தை யாரும் தொடவே வேண்டாம். நீங்கள் விட்டுக்கொடுத்தது உங்களுடையதை. பாப்பாவுடையதை விட்டுக்கொடுக்க அது உங்களிடம் இருந்தால்தானே? பக்கத்து வீட்டுக்காரர் நிலத்துக்கு நான் கிரயம் எழுதிக் கொடுத்த மாதிரி அது. பத்திரம் இருக்கும், செல்லாது.

31 வருடம் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் இல்லை. அதனால் சட்டப் பிரிவைச் சொல்வதற்கு ஆள் வருவார்கள், காத்திருங்கள்.

கறுப்புக்கோட்டு_அக்கா | பிப்ரவரி 10, மதியம் 1:40

வந்தாச்சு ஐயா. சேலத்தில் 13 வருடமாகக் குடும்பநல வழக்குகள் பார்க்கிறேன்.

நொய்யல்காரி, ஐயா சொன்னதுதான் சட்டமும். மனைவி வயது வந்தவர், தன் ஜீவனாம்சத்தை வேண்டாம் என்று சொல்லலாம். மைனர் குழந்தையின் உரிமையைத் தாயோ தகப்பனோ ஒப்பந்தம் போட்டு ஒழிக்க முடியாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வெளிப்படையாகவே சொன்னது. பரஸ்பர விவாகரத்தில் தாய் விட்டுக்கொடுத்தாலும் மகளின் உரிமை அப்படியே இருக்கும். இன்னும் பழசாகப் போனால் 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவு, பொதுநலனுக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்கிறது.

உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இந்து திருமணச் சட்டம் 26-ம் பிரிவு. குழந்தையின் காவல், பராமரிப்பு, படிப்பு பற்றி டிக்ரி ஆன பிறகும் மனுப் போடலாம் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. இதை விவாகரத்து கொடுத்த அதே கோர்ட்டில் போட வேண்டும்.

மற்றொன்று, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவு. 2024 ஜூலை 1 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125 என்று எல்லோர் வாயிலும் இருந்ததுதான் இது. எண் மாறியது, உள்ளே இருப்பது ஏறக்குறைய அதேதான். கோர்ட்டில் இன்னும் பாதிப் பேர் "ஒன் ட்வென்டி ஃபைவ்" என்றுதான் சொல்கிறோம். பாப்பாவை மனுதாரராகக் காட்டி, நீங்கள் தாயும் பாதுகாவலருமாகக் கையெழுத்திட்டு, நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோருக்கும் பொது. கோர்ட் ஃபீஸ் பெரிதாக ஒன்றும் வராது.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் 144. காரணம் பின்னால் வசூல் பற்றிப் பேசும்போது தெரியும்.

நொய்யல்காரி | பிப்ரவரி 10, இரவு 9:15

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அக்கா. ஐயா, நன்றி. தூங்கவில்லைதான், சரியாகச் சொன்னீர்கள்.

அவர் சம்பளக்காரர் இல்லை. எல்லாம் கையில் வாங்கிக் கையில் கொடுப்பது. "எனக்கே மாதம் 9,000 கூலிதான், மெஷின் எல்லாம் தம்பி பேரில்" என்று சொல்வார். சொல்வது மட்டுமில்லை, தம்பி பேரில்தான் எழுதியும் வைத்திருப்பார். என்ன செய்வது?

மதுரை_மாறன் | பிப்ரவரி 10, இரவு 9:58

ஒரு கேள்வி. 11 பவுன் வாங்கிக்கொண்டு, கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நான்கு வருடம் கழித்து மறுபடி கோர்ட்டுக்குப் போனால் ஒரு ஆம்பளை யாரை நம்பி செட்டில்மெண்ட் போடுவான்? மாதம் 17,500 சம்பாதிக்கிறார், பிள்ளையை வைத்துக்கொள்வேன் என்று சொல்லித்தானே வாங்கினார்?

தேனி_மல்லிகா | பிப்ரவரி 10, இரவு 10:10

அந்த 11 பவுன் அவர் அப்பா போட்ட நகை அண்ணே. அவர் பொருளை அவரிடம் திருப்பிக் கொடுத்ததற்குப் பெயர் செட்டில்மெண்டா?

கறுப்புக்கோட்டு_அக்கா | பிப்ரவரி 10, இரவு 10:45

மாறன், கோபம் புரிகிறது. ஆனால் கேட்பது அவர் இல்லை, அந்தக் குழந்தை. அது எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. தாயும் சம்பாதித்தால் தாய்க்கும் பங்கு உண்டு. 1956-ம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ம் பிரிவு தாய், தகப்பன் இருவர் மேலும் பொறுப்பை வைக்கிறது. இருவரும் வேலை பார்த்த ஒரு வழக்கில், வருமான விகிதப்படி பிரித்துக்கொள்ளுங்கள் என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தத் தாய் நான்கு வருடமாக முழுப் பங்கையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறார். அவர் கேட்பது மற்றவருடைய பங்கைத்தான்.

நொய்யல்காரி, வருமானம். இதுதான் உண்மையான சண்டை. சட்டம் தெரியாமல் தோற்பவர்களைவிட இதில் அசந்து தோற்பவர்கள்தான் அதிகம்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் - நேகா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க ஒரே முறை கொண்டுவந்தது. ஜீவனாம்ச வழக்கு என்றால் இரண்டு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை உட்பட. பொய் என்று தெரிந்தால் அதற்குத் தனி நடவடிக்கை. அவர் 9,000 என்று எழுதினால் எழுதட்டும், அந்தப் பேப்பர்தான் பிறகு உங்களுக்கு உதவும்.

நீங்கள் இப்போதே சேர்க்க வேண்டியவை: யூனிட் இருக்கும் கட்டிடத்தின் வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், இ.பி. இணைப்பு யார் பெயரில், ஜிஎஸ்டி எண் இருந்தால் அது, வண்டியின் ஆர்.சி., மெஷின் கடனுக்கு யார் கையெழுத்து, ஜாப் ஒர்க் கொடுக்கும் கம்பெனியின் பெயர். வீடோ இடமோ வாங்கியிருந்தால் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். எல்லாவற்றுக்கும் ஆதாரம் கையில் வேண்டும் என்பதில்லை. விவரம் தெரிந்தால் போதும், அந்த ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லிக் கோர்ட்டையே கேட்கலாம்.

இன்னொன்று. உடம்பில் தெம்புள்ள தகப்பன் "எனக்கு வருமானமே இல்லை" என்று கையை விரித்தால் கோர்ட் கேட்டுக்கொண்டிருக்காது. உடலுழைப்புச் செய்தாவது மனைவி பிள்ளையைக் காப்பாற்றும் கடமை உண்டு என்று 2022-லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பழைய_பெஞ்ச்_கிளார்க் | பிப்ரவரி 11, காலை 5:50

அக்கா சொன்ன பட்டியலோடு பாப்பாவின் செலவுப் பட்டியலையும் சேர்த்து வையுங்கள். மனுவில் "மாதம் 15,000 வேண்டும்" என்று மொட்டையாக எழுதுகிறவர்கள்தான் அதிகம். ஃபீஸ் ரசீது, வேன், பால், வீட்டு வாடகையில் ஒரு பங்கு, காய்ச்சல் வந்த மருந்துச் சீட்டு, யூனிஃபார்ம் என்று வரி வரியாக எழுதினால் அந்தப் பக்கத்து வக்கீல் ஒவ்வொரு வரியையும் வெட்ட வேண்டியிருக்கும். பால் வாங்கக் கூடாது என்று எந்த வக்கீல் வாதாடுவார்?

ஒரு பழைய கதை. 2001 வரைக்கும் 125-ல் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சட்டத்திலேயே இடமில்லை. அந்த வருடம்தான் திருத்தம் வந்து உச்சவரம்பை எடுத்தார்கள். அதற்கு முன்னால் 150, 200 என்று ஆணை வாங்கிக்கொண்டு, அதையும் வசூலிக்க மாதாமாதம் பஸ் ஏறி வந்த பெண்களை எனக்கு முகம் முகமாக ஞாபகம் இருக்கிறது. வசூலாவதில் பாதி பஸ் டிக்கெட்டுக்கே சரியாகப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை_அப்பா | பிப்ரவரி 11, இரவு 8:30

மாறன் மாதிரி இல்லாமல் வேறு மாதிரி ஒன்றைக் கேட்க நினைக்கிறேன்.

எனக்கு மகள், 7 வயது. மாதம் 12,000 கட்டுகிறேன், ஒரு மாதம் தவறியதில்லை. மாதம் இரண்டு ஞாயிறு பார்க்கலாம் என்று ஆணை இருக்கிறது. போன வருடம் 24 ஞாயிற்றில் நான் பார்த்தது 9. காய்ச்சல், டியூஷன், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று ஏதாவது ஒன்று. போன மாதம் என் அம்மாவே சொன்னார், "பணத்தை நிறுத்து, தானாகக் கொண்டுவந்து காட்டுவாள்" என்று. கை அரித்தது, உண்மை. நிறுத்தவில்லை. ஆனால் நிறுத்தினால் என்ன தப்பு என்று எனக்கே அவ்வப்போது தோன்றுகிறது.

அதோடு, மார்ச்சில் எங்கள் கம்பெனியில் ஆட்குறைப்பு வரும் போலிருக்கிறது. சம்பளம் பாதியானால் 12,000 எங்கே கொடுப்பது?

கறுப்புக்கோட்டு_அக்கா | பிப்ரவரி 11, இரவு 9:50

நிறுத்தாதீர்கள் சார். பணமும் பார்வையும் தனித்தனி ஆணைகள். ஒன்றைக் காட்டி மற்றதைப் பிடித்து வைக்க இரண்டு பேருக்குமே உரிமை இல்லை. நீங்கள் நிறுத்தினால் மறுநாள் வழக்கில் நீங்கள் "பணம் கட்டாத அப்பா" ஆகிவிடுவீர்கள். அந்த 15 ஞாயிறைப் பற்றி அப்புறம் யாரும் பேச மாட்டார்கள்.

தவறிய ஒவ்வொரு ஞாயிறுக்கும் தேதி, நீங்கள் அனுப்பிய மெசேஜ், வந்த பதில் எல்லாவற்றையும் எடுத்து வைத்து ஆணையை அமல்படுத்தச் சொல்லி மனுப் போடுங்கள். இடையில் வீடியோ காலும் கேளுங்கள். பிள்ளைக்கு இரண்டு பெற்றோரின் அன்பும் கிடைக்க வேண்டும், நேரில் முடியாதபோது போன், வீடியோ வழியாகத் தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விரிவாகவே எழுதியிருக்கிறது.

சம்பளம் குறைந்தால் தொகையை மாற்றக் கேட்கலாம். 144-ல் வந்த ஆணை என்றால் அதே சட்டத்தின் 146-ம் பிரிவு, பழைய எண் 127. குறைந்த அன்றே போடுங்கள். ஆறு மாதம் கட்டாமல் இருந்துவிட்டு "வேலை போய்விட்டது" என்று வந்து நின்றால் நீதிபதி காதில் அது சாக்காகத்தான் விழும்.

நொய்யல்காரி | பிப்ரவரி 11, இரவு 10:30

ஞாயிற்றுக்கிழமை அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. பாப்பாவின் அப்பா கேட்டால் எந்த ஞாயிறும் நான் மறுக்க மாட்டேன். அவர் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

தேனி_மல்லிகா | பிப்ரவரி 12, காலை 11:25

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். என் தங்கைக்கு விவாகரத்து கோர்ட்டில் ஆகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் 100 ரூபாய்ப் பத்திரத்தில் "இன்று முதல் நமக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, நோட்டரி முத்திரையும் வாங்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளை அதை வைத்து இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். இவள் "எனக்குத்தான் விவாகரத்து ஆகிவிட்டதே" என்று நினைத்து எதுவும் கேட்காமலேயே ஆறு வருடம் ஓட்டிவிட்டாள். ஒரு பையன், 8 வயது.

கறுப்புக்கோட்டு_அக்கா | பிப்ரவரி 12, மதியம் 2:10

திருப்பினது நல்லதுதான், இது வாரத்துக்கு ஒன்றாவது எங்கள் ஆபீஸுக்கு வருகிறது.

அந்தப் பத்திரம் விவாகரத்து இல்லை. நோட்டரி முத்திரை, கையெழுத்துப் போட்டது இன்னார் என்று சொல்லும், கல்யாணத்தை முறிக்காது. சாதி வழக்கப்படி மணமுறிவு உண்டு என்று சொல்கிறவர்களுக்கு இந்து திருமணச் சட்டம் 29(2) இடம் கொடுக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருக்கிறது என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். லேசில் நடக்கிற காரியம் இல்லை.

ஆக, உங்கள் தங்கை இன்னும் சட்டப்படி மனைவிதான். அவர் தனக்கும் கேட்கலாம், பையனுக்கும் கேட்கலாம். கணவர் இன்னொருத்தியைக் கட்டியிருந்தால் மனைவி அவரோடு சேர்ந்து வாழ மறுக்க அதுவே நியாயமான காரணம் என்று ஜீவனாம்சப் பிரிவிலேயே இருக்கிறது. இரண்டாம் கல்யாணம் செல்லாது, குற்றமும்கூட. அதைப் புகாராக எடுப்பதா வேண்டாமா என்பது தங்கையின் முடிவு. பல பேர் ஜீவனாம்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள், நானும் வற்புறுத்துவதில்லை.

அந்த இரண்டாவது வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கும் அப்பாவிடம் ஜீவனாம்ச உரிமை உண்டு. இதையும் சொல்லி வைக்கிறேன், யாராவது கோபித்துக்கொண்டாலும் சரி.

கோவை_சரவணன் | பிப்ரவரி 12, மாலை 6:40

முதலில் தப்பாக எழுதியதற்கு நொய்யல்காரி மன்னிக்க வேண்டும். என் மச்சானுக்கும் தப்பாகத்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போல.

அப்படியே ஒரு சந்தேகம். அவன் பையனுக்கு 18 ஆகப் போகிறது, பாலிடெக்னிக் முதல் வருடம். 18 ஆனதும் நின்றுவிடுமா?

கறுப்புக்கோட்டு_அக்கா | பிப்ரவரி 12, இரவு 8:15

144-ல் பையனுக்கு 18-ஓடு நின்றுவிடும், உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவர் என்றால் தவிர. மகளாக இருந்தால், கல்யாணமாகாமல் தன் வருமானத்தில் வாழ முடியாமல் இருக்கும் வரை 1956 சட்டத்தின் 20(3)-ன் கீழ் கேட்கலாம். 2020-ல் இதுவும் உறுதியாகிவிட்டது, ஆனால் அதற்குத் தனி வழக்குப் போட வேண்டும். பையனின் படிப்புக்குத்தான் சட்டத்தில் ஓட்டை. பரஸ்பர மனுப் போடும்போதே "படிப்பு முடியும் வரை" என்று எழுதி வாங்குவதுதான் இன்றைக்கு நடைமுறை வழி.

வவுனியா_நிலா | பிப்ரவரி 12, இரவு 11:05

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் இதைத் தாபரிப்பு வழக்கு என்போம், நீதவான் நீதிமன்றத்தில் போடுவது. 1999-ம் ஆண்டின் 37-ம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில் 18 முதல் 25 வயது வரையான பிள்ளையும், தன்னால் தன்னைப் பராமரிக்க இயலாவிட்டால், பெற்றோரிடம் கேட்கலாம். ஆண் பெண் பேதம் இல்லை.

ஆனால் விவாகரத்தில் நீங்கள்தான் கொடுத்து வைத்தவர்கள். பொதுச் சட்டத்தில் எங்களுக்குப் பரஸ்பர விவாகரத்து என்ற ஒன்றே இல்லை. சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை போன்ற ஒரு குற்றத்தை நிரூபிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து பிரிய நினைத்தாலும் யாராவது ஒருவர் குற்றவாளியாக நிற்க வேண்டும்.

பழைய_பெஞ்ச்_கிளார்க் | பிப்ரவரி 13, காலை 6:00

தாபரிப்பு. நல்ல சொல். ஜீவனாம்சம் என்றாலே இங்கே எல்லோருக்கும் மனைவிக்குக் கொடுப்பது என்றுதான் மனதில் வருகிறது, பிள்ளை அதில் மறைந்துபோகிறது. நிலா அம்மாவுக்கு நன்றி.

நொய்யல்காரி | மார்ச் 27, இரவு 10:20

மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்டேன். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலேயே இலவச வக்கீல் தருவார்கள் என்று அங்கே போன பிறகுதான் தெரியும். 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாமாம். சின்ன வயது வக்கீலம்மா ஒருவரைக் கொடுத்தார்கள். பாப்பா பேரில் எம்.சி. நம்பர், அதாவது ஜீவனாம்ச வழக்கு எண் ஆகிவிட்டது, இடைக்கால மனுவும் சேர்த்துப் போட்டாச்சு.

நோட்டீஸ் "கதவு பூட்டப்பட்டுள்ளது" என்று திரும்பி வந்துவிட்டது. அவர் யூனிட் பகல் பூராவும் திறந்துதான் இருக்கிறது, மெஷின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். இது எத்தனை தடவை நடக்கும்?

கறுப்புக்கோட்டு_அக்கா | மார்ச் 28, காலை 9:30

இன்னும் ஒன்றிரண்டு தடவை நடக்கலாம். யூனிட் முகவரியையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே தவிர்க்கிறார் என்று கோர்ட்டுக்குத் திருப்தியானால் அவர் இல்லாமலேயே விசாரித்து உத்தரவு போடலாம், அதாவது எக்ஸ்பார்ட்டி. பிறகு அவர் தக்க காரணம் காட்டினால் மூன்று மாதத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்கவும் இடம் இருக்கிறது. அதனால் எக்ஸ்பார்ட்டி ஆனதும் ஜெயித்தாச்சு என்று இருந்துவிட வேண்டாம். ஆளே வந்து நின்று வாங்குகிற உத்தரவுதான் கெட்டி.

இடைக்கால மனுவை நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடிய வரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. "கூடிய வரை" என்ற சொல்லுக்குள் எத்தனை வாய்தா வேண்டுமானாலும் அடங்கும், அது வேறு விஷயம். ஆனால் ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு தொகையை மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும். இழுத்தடித்தால் பாக்கி ஏறிக்கொண்டே போகும் என்பதை அவர் வக்கீலே அவரிடம் சொல்வார்.

மதுரை_மாறன் | மார்ச் 28, இரவு 9:40

அக்கா, 25 சதவீதம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாக எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. உண்மையா? (அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன்.)

கறுப்புக்கோட்டு_அக்கா | மார்ச் 28, இரவு 10:05

சட்டம் இல்லை. 2017-ல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். நிலையான சூத்திரம் எதுவும் கிடையாது. யாருக்கு என்ன தேவை, யாரிடம் என்ன இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

(பரவாயில்லை.)

நொய்யல்காரி | ஜூலை 3, இரவு 11:00

இன்றைக்கு இடைக்கால உத்தரவு வந்தது. மாதம் 5,000, ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதிக்குள், என் கணக்கில். மனுப் போட்ட தேதியிலிருந்து உள்ள பாக்கியை இரண்டு தவணையாகக் கட்ட வேண்டும்.

அவர் பிரமாணப் பத்திரத்தில் மாதம் 9,000 கூலி என்றுதான் எழுதியிருந்தார், நான் சொன்ன மாதிரியே. ஆனால் மெஷின் கடனுக்குப் போட்ட விண்ணப்பத்தில் மாத வருமானம் 40,000 என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வக்கீலம்மா அந்த பேப்பரை வங்கியிலிருந்து வரவழைக்கச் சொல்லி மனுப் போட்டிருந்தார். நீதிபதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் எந்தக் கையெழுத்து உங்களுடையது?" என்று மட்டும் கேட்டார்.

நான் கேட்டது 10,000. கிடைத்தது பாதி. இறுதி உத்தரவு இன்னும் இருக்கிறது. வருத்தமில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை_அப்பா | ஜூலை 4, காலை 7:30

நல்ல செய்தி. எனக்கும் ஒன்று: வீடியோ கால் வாரம் இரண்டு நாள் என்று மீடியேஷனில் ஒத்துக்கொண்டார்கள். முதல் காலில் மகள் 40 நிமிடம் பல் விழுந்த கதையைச் சொன்னாள்.

பழைய_பெஞ்ச்_கிளார்க் | ஜூலை 4, காலை 8:10

அம்மிணி, பாதி வேலைதான் முடிந்தது. உத்தரவு வாங்குகிறவர்களில் பல பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நான் பார்த்துப் பார்த்துச் சலித்தது இது.

ஒரு நோட்டு வாங்குங்கள், சின்ன நோட்டு போதும். மாதம், எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, எந்தத் தேதி. நான்கு கட்டம். ஒவ்வொரு மாதமும் எழுதுங்கள். ஏன் என்றால், தொகை பாக்கியானால் வாரண்ட் கேட்டு மனுப் போட, அது கொடுக்க வேண்டியதாக ஆன நாளிலிருந்து ஒரு வருடம்தான். "போகட்டும், அடுத்த மாதம் தருவார்" என்று பொறுத்துப் பொறுத்து 20 மாதம் கழித்து வந்தால் முதல் எட்டு மாதத்துக்கு அந்த வழி அடைபட்டிருக்கும்.

கறுப்புக்கோட்டு_அக்கா | ஜூலை 4, மதியம் 1:15

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒரு வருடம் தாண்டினால் பணமே போய்விட்டது என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த ஒரு வருடக் கெடு வாரண்ட் வழிக்குத்தான், பாக்கியைக் கேட்கும் உரிமைக்கு இல்லை. சிவில் முறையில் வசூலிக்கலாம். ஆனால் அது சுற்று வழி.

144-ஐ எடுக்கச் சொன்னதற்குக் காரணமும் இதுதான். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே போக வேண்டி வரலாம். உள்ளே போனாலும் பணம் கழியாது, வெளியே வந்தும் கட்டியாக வேண்டும். இது 1989-லேயே முடிவான விஷயம். அந்த வாரண்ட் கையில் இருக்கும்போது "தம்பி பேரில் மெஷின்" என்ற பேச்செல்லாம் நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன். அவரே சம்பளக்காரர் என்றால் இன்னும் சுலபம். ஜீவனாம்ச டிக்ரிக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொடக்கூடாது, மீதியை ஜப்தி செய்யலாம்.

தேனி_மல்லிகா | ஜூலை 4, இரவு 9:00

என் தங்கையும் மனுப் போட்டுவிட்டாள். அந்த 100 ரூபாய்ப் பத்திரத்தை மாப்பிள்ளையே எடுத்துவந்து கோர்ட்டில் கொடுத்திருக்கிறார், விவாகரத்துக்கு ஆதாரமாம். அவர் வக்கீல் தலையைக் குனிந்துகொண்டாராம்.

நொய்யல்காரி | ஆகஸ்ட் 6, இரவு 10:10

ஐயா, நோட்டு வாங்கிவிட்டேன். பாப்பா ஸ்கேல் வைத்து நான்கு கட்டமும் போட்டுக் கொடுத்தாள், எதற்கென்று கேட்கவில்லை. முதல் வரி எழுதியாச்சு: ஜூலை, 5,000, 5,000, 9-ம் தேதி. பாக்கியில் முதல் தவணையும் அன்றே வந்தது. ஆகஸ்டுக்கு மாதமும் தொகையும் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், அடுத்த இரண்டு கட்டம் காலி.

பழைய_பெஞ்ச்_கிளார்க் | ஆகஸ்ட் 7, காலை 5:55

10-ம் தேதி வரை நேரம் இருக்கிறது அம்மிணி. வந்தால் எழுதுங்கள். வராவிட்டால் 11-ம் தேதி காலையில் வக்கீலம்மாவுக்கு ஒரு போன்.